பூட்டு மாமாவும் டீச்சரம்மாவின் நீலக் காரும்

சித்தூர் ஜில்லாவில் கார் திருடர் எவராவது மனம் வெறுத்துத் தொழிலை விட்டிருந்தால், அதற்கு முழுக் காரணம் எங்கள் தெரு பூட்டு மாமாதான் என்று எந்தக் கோர்ட்டிலும் வந்து சத்தியம் செய்வேன். போலீஸ் ஜீப் செய்ய முடியாததை மாமா இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து செய்தது.

அம்மா அப்பா வைத்த பெயர் என்று அவருக்கும் ஒன்று இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் தெரியாது. நகரியில் விசைத்தறி ஓட்டிய குடும்பம். தறிகளைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மனைவியின் வேலைக்காகச் சித்தூரில் குடியேறி லுங்கி, துண்டு மொத்த வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பலமனேர் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் வேலை பார்த்த நான் அவர்கள் எதிர்வீட்டு மாடியில் குடியிருந்தேன். அதனால் இதெல்லாம் பால்கனியில் நின்று கண்ணால் கண்ட சாட்சியம்.

கார் ஒன்றும் பெரிய கார் இல்லை. பழைய, சின்ன நீலக் கார். ஆனால் டீச்சரம்மாவுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து, கட்டைகளை ஊன்றித்தான் நடப்பார். பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கையாலேயே இயக்குகிற மாதிரி, ஸ்டியரிங் பக்கத்தில் நீளமான ஒரு கம்பி வைத்து அந்தக் காரை வேலூரில் மாற்றி வாங்கியிருந்தார்கள். ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் கம்பி என்று டீச்சரம்மா தெருமுனையில் திரும்புகிற ஸ்டைலைப் பார்த்தால், ஆட்டோக்காரர்களே ஒதுங்கி வழிவிடுவார்கள்.

வீட்டில் நிறுத்த இடமில்லை. கார் தெருவில்தான் நிற்கும். அங்கேதான் மாமாவின் தலைவலி ஆரம்பம்.

ஸ்டியரிங்குக்குக் குறுக்கே ஓர் இரும்புத் தடி. பெடலுக்கு ஒரு பூட்டு. பெட்ரோல் மூடிக்கு ஒரு பூட்டு. டிக்கிக்கு வெளியே ஒரு கொக்கி, அதற்கொரு பூட்டு. கடைசியாக, யானையைக் கட்டுகிற மாதிரி ஒரு சங்கிலியால் பின்சக்கரத்தையும் கரண்ட் கம்பத்தையும் சேர்த்துக் கட்டுவார். காலையில் இவற்றையெல்லாம் அவிழ்ப்பதற்குள் டீச்சரம்மாவுக்குப் பொறுமை போய்விடும்.

"யோவ், அங்க பிரேயரே முடிஞ்சிருக்கும்யா! சீக்கிரம் தெற!"

"இரு ராஜி. இந்தப் பூட்டை எவனும் நெம்பக் கூடாதுன்னு அதுக்கு ஒரு பூட்டு போட்டுக்கீறேன். அதோட சாவிய எங்கியோ பத்ரமா வெச்சேன், அதான் எங்கன்னு தெர்ல."

ஒருமுறை பள்ளிக்கூட லீவில் கரண்ட் ஆபீஸ்காரர்கள் எங்கள் தெருவுக்குப் புதுக் கம்பம் நட வந்தார்கள். மாமா வியாபார விஷயமாக நகரிக்குப் போயிருந்தார், சாவிக்கொத்தோடு. போனில் கூப்பிட்டுச் சங்கிலியை அறுக்கலாமா என்று கேட்டதற்கு, "கம்பத்த வேணா அறுத்துக்கோங்க, சங்கிலில கை வெச்சீங்கன்னா நடக்கறதே வேற!" என்று கத்தினார். அவர்களும் தலையிலடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தெரு முழுக்கப் புதுக் கம்பம், மாமா வீட்டு வாசலில் மட்டும் அந்தப் பழைய சாய்ந்த கம்பம்.

பிறகு யாரோ சொன்னார்களென்று கார் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் கருவி ஒன்றை மாட்டினார். மறுநாள் காலை தெருவே அதிர அலறினார்.

"ஐயோ ராஜி, போன எடு! வண்டி தானா போய்க்கினு கீது! பலமனேர் ரோட்ல போய்க்கினே கீது!"

போனிலிருந்து டீச்சரம்மா குரல் எனக்கே கேட்டது. "நான்தான்யா ஓட்டிக்கினு போறேன்! இப்பதான டாட்டா காட்டின!"

இது ஒருநாள் கூத்தில்லை. வெகுநாள் நடந்தது.

பெயின்ட்டை எவனும் ஆணியால் கீறிவிடக் கூடாதே என்று அடுத்து ஓர் உறை. கடையில் விற்கிற உறை காற்றுக்குக் கிழிந்துவிடும் என்று, தம்பியிடம் சொல்லி நகரித் தறியிலேயே லுங்கிக் கட்டத்தில் கெட்டியாக நெய்து வாங்கினார். தூரத்திலிருந்து பார்த்தால் லுங்கி கட்டிய ஒரு பெரிய ஆள் குப்புறப் படுத்துத் தூங்குவதுபோல இருக்கும். உறை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நூல் விறைப்பாக நிற்க வேண்டுமென்று அண்ணன் சொன்னபடி தம்பி தாராளமாகக் கஞ்சி போட்டிருந்தார். தறிக்காரர்களுக்கு அது சகஜம். மாடுகளுக்கு அது விருந்து. தெருவில் திரிந்த மாடுகளெல்லாம் வந்து நக்கி நக்கி, ஒரு பக்கத்தை முழுக்கத் தின்று தீர்த்து, போகிறபோக்கில் கொம்பால் கதவில் ஒரு கோடும் போட்டுவிட்டுப் போயின. மாமா அன்று சோறு தின்னவில்லை.

அடுத்து ஸ்டிக்கர். போலீஸ் என்று ஒட்டினால் திருடன் பயப்படுவான் என்றார்கள், ஒட்டினார். பத்திரிகை என்று ஒட்டினால் ரவுடி பயப்படுவான் என்றார்கள், அதையும் ஒட்டினார். பக்கத்திலேயே கோர்ட்டு என்று ஒன்று. அதற்கும் பக்கத்தில் டாக்டர் என்று ஒன்று. அதை நம்பி ஒருநாள் விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்து கதவைத் தட்டினார். மாமா அவரைத் திருப்பி அனுப்பவில்லை. ஓமத்தண்ணி கொடுத்து, உட்காரவைத்து, சரியான பிறகுதான் அனுப்பினார். மாமாவின் நல்ல மனசுக்கு இதைச் சொல்கிறேன், மற்றபடி அவர் டாக்டர் இல்லை.

ஒருநாள் நான் தாங்கமாட்டாமல் கேட்டேவிட்டேன். "ஏன் மாமா இவ்வளவு அவஸ்தை? பழைய கார்தானே?"

மாமா சிரிக்கவில்லை. "உனுக்குத் தெரியாது நைனா. இதுக்கு முன்ன அவ மூணு சக்கர ஸ்கூட்டர் வெச்சினு இருந்தா. மார்க்கெட்டாண்ட நிறுத்திட்டு நானும் அவளும் காய் வாங்கப் போனோம். வந்து பாத்தா இல்ல. போலீஸ் ஸ்டேஷன்ல அவ அழல. வூட்டுக்கு வந்து, காலு செருப்பைக் கழட்டித் தொடச்சி, பீரோவுக்குள்ள வெச்சிப் பூட்டிட்டா. இனிமே எங்க போவப்போறேன்னு. வேலையக்கூட வுட்டுடறேன்னா. வாசப்படி தாண்ட வெக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சி."

அன்றிலிருந்து நான் அவர் பூட்டுகளைக் கேலி செய்வதைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தினேன் என்று சொல்லவில்லை.

இப்போது திருப்பதிக்கு வருகிறேன். டீச்சரம்மாவுக்கு அங்கே ஒரு காலேஜில் ஒருநாள் டிரெயினிங். வெளியூரில் காரைத் தனியாக விடுவதா என்று மாமாவும் கிளம்பினார். ஓசி சவாரி என்றதும் நானும் லீவு போட்டுவிட்டு ஏறிக்கொண்டேன். காலேஜுக்குள் நிறுத்த இடமில்லை என்று வாட்ச்மேன் கையை விரித்துவிட்டார். வாசலுக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக வண்டியை நிறுத்திவிட்டு டீச்சரம்மா இறங்கும்போதே சொல்லிவிட்டுப் போனார். "சாயங்காலம் நான் வரும்போது வண்டி வண்டியா இருக்கணும். ஏதும் பண்ணிவெக்காதீங்க."

கார் நின்றது ஒரு வேப்பமரத்தடியில். மாமா சங்கிலியோடு மரத்தைச் சுற்றிவந்தார். அடிமரம் அவ்வளவு பெரியது, சங்கிலி பத்தவில்லை. எதிரே பக்தர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மாமா அவர்களைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"நைனா, மன்ஷன் வண்டியத் திருடுவான். சாமி வண்டியத் தொடுவானா?"

ஓடிப்போய் மஞ்சள், குங்குமம், பூமாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் வாங்கிவந்தார். முன்பக்கம் முழுக்க மஞ்சள் பூசி, பெரிதாகக் குங்குமப் பொட்டு வைத்து, கண்ணாடிமேல் மாலை சாத்தி, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து, மேலே வேப்பிலையும் சொருகிவிட்டார். கையைத் தட்டிக்கொண்டு, "இனி எவனும் கிட்ட வரமாட்டான். வா, சாப்பாடு துன்னுட்டு வரலாம்" என்றார்.

சாப்பிட்டு, ஒரு கல்யாண மண்டப நிழலில் நன்றாகத் தூங்கிவிட்டுத் திரும்பினோம். காரைக் காணவில்லை. அதாவது, கூட்டத்தில் காரே தெரியவில்லை.

பெண்கள் காரைச் சுற்றிவந்துகொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே தேங்காய்க்கடை ஒன்று முளைத்திருந்தது. கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்த ஓர் அம்மாள், டீச்சரம்மாவின் கைக்கம்பியைப் பார்த்துவிட்டு, "உள்ள வேல் நட்டுக்கீறாங்கடி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாலைந்து பேர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தேங்காயை ஓங்கிக்கொண்டு முன் பம்பரை நோக்கிக் குறிபார்த்தார்.

"ஐயையோ, அதும்மேல ஒடைக்காத!" என்று மாமா பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில் இடுப்புச் சாவிக்கொத்து கலகலவென்று குலுங்கியது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு சாவிகளோடு ஒரு மனிதன் அம்மன் வண்டியை நோக்கிப் பாய்ந்தால் அவர்கள் என்னதான் நினைப்பார்கள்?

"தொங்கா! தொங்கா!" என்று எழுந்தது சத்தம். தெலுங்கில் திருடன் என்று அர்த்தம். ஆயுள் முழுக்கத் திருடனுக்குப் பயந்த மனிதரை ரெண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கூட நின்ற பாவத்துக்கு என் சட்டையையும்.

நல்லவேளை, ஒரு கான்ஸ்டபிள் வந்தார். "பண்டி எவரிதய்யா? யார் வண்டி இது?"

"என் பொண்டாட்டி வண்டி சார்."

"ஆர்.சி. எங்க?"

"வண்டில வெச்சா களவு போயிடும்னு அவ கைப்பைல குடுத்து வெச்சிக்கீறேன் சார்."

"சரி, உன்னுதுன்னா ஏறு. ஓட்டிக் காட்டு."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு ஓட்டத் தெரியாது சார்."

கூட்டம் ஓவென்று கூவியது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக அந்தக் காரைத் துடைத்து, பூட்டி, காவல் காத்த மனிதருக்கு அதை ஓர் அடிகூட நகர்த்தத் தெரியாது!

அந்த நேரத்தில் டிரெயினிங் முடிந்து டீச்சரம்மா வந்தார். கட்டைகளை ஊன்றி நின்று, காரை ஒரு பார்வை, புருஷனை ஒரு பார்வை. கைப்பையைத் திறந்து ஆர்.சி.யைக் கான்ஸ்டபிளிடம் நீட்டினார். மாமா ஓடிப்போய்ப் பூட்டுகளைக் கழற்ற, கதவைத் திறந்து ஏறி, கட்டைகளை உள்ளே வைத்துக்கொண்டு, கம்பியில் கை வைத்து வண்டியைக் கிளப்பினார். கூட்டம் நகரவில்லை. டீச்சரம்மா கண்ணாடியை இறக்கி, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார்.

"ஜருகண்டி! ஜருகண்டி!"

திருமலையில் சன்னிதிக்கு எதிரே, நகருங்கள் என்கிற அந்த விரட்டலைக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஜனம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் கால்கள் தானாக நகர்ந்தன. சட்டென்று வழி பிறந்தது. சிலர் கும்பிட்டார்கள்.

கார் ஊர் எல்லையைத் தாண்டியது. கண்ணாடியில் மஞ்சள் வழிந்துகொண்டிருந்தது. கடைசியில் டீச்சரம்மா வாயைத் திறந்தார்.

"இத்தினி பேருக்கு முன்னாடி ஓட்டத் தெரியாதுன்னு சொல்லினு நிக்கிறியே, வெக்கமா இல்ல? எத்தினி வாட்டி சொன்னேன் கத்துக்கோன்னு?"

மாமா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் கத்துக்கினா, ஒரு நாளு இன்னிக்கு உடம்பு முடியல, நீயே கொண்டாந்து வுடுன்னு சொல்லுவே. அப்புறம் தெனம் சொல்லுவே. அப்புறம் நீ ஓட்டறதையே வுட்டுடுவே. அதான் கத்துக்கல."

எதிரே ஒன்றும் வராத அந்த ரோட்டில், டீச்சரம்மா கம்பியை மெல்ல இழுத்து வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். பின்சீட்டில் இருந்த நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.