குறைகள்: பூஜ்யம்

மனிதகுலம் குறைகளை ஒழிக்க எத்தனையோ வழிகளில் முயன்று தோற்றிருக்கிறது. வென்றது ஒரே ஒரு இடம்தான்: புறவழிச்சாலையில், டயர் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருந்த மின்கார் சர்வீஸ் நிலையம். அதுவும் மூன்றே மாதத்தில்.

அங்கே வந்த எந்தப் புது மாடல் காருக்கும் குறை இல்லை. தள்ளிக்கொண்டு வரப்பட்ட கார்களுக்கும் இல்லை.

இந்தச் சாதனையில் டெக்னீஷியன் ஒருத்திக்கும் பங்கு உண்டு. எந்தப் பிளக்கையும் செருகும் முன் அதன் பின்களை எண்ணுவாள் என்பதால் அவளுக்குப் ‘பின் டீச்சர்’ என்று பெயர். அதிகம் பேசமாட்டாள். எண்ணும்போது உதடு மட்டும் அசையும்.

பழைய கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு பின் சாக்கெட். போன வருஷத்திலிருந்து வரும் கார்களில், முன்சீட்டுகளுக்கு நடுவிலுள்ள பெட்டிக்குப் பின்னால் இருபது பின். பரிசோதனை மெஷினின் வயரோ பதினாறு. இருபது பின் வயர் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்றார் மேலாளர். அது வரும்வரைக்கும் ஓர் அடாப்டர் வாங்கிக் கொடுத்தார். ஒரு முனையில் பதினாறு, மறுமுனையில் இருபது. டீச்சர் இரண்டு முனைகளையும் எண்ணினாள். சரியாக இருந்தது. செருகினாள். மெஷினில் பச்சை எழுத்து வந்தது: ‘குறைகள்: 0’.

அன்று ஒரு டாக்சிக்காரர், போன வருஷ மாடல் காரோடு, நான்காவது முறையாக வந்தார். கையில் மூன்று சான்றிதழ்கள். மூன்றிலும் அவளுடைய கையெழுத்து.

“மறுபடியும் ஆமை வருதும்மா,” என்றார். கார் வேகம் எடுக்க மறுக்கும்போது டாஷ்போர்டில் எரியும் ஆமைப் பட விளக்கைத்தான் சொன்னார். “நேத்து மேம்பாலத்து நடுவுல நின்னுடுச்சு. பின்னாடி லாரி. அவன் பிரேக் அடிச்சான், நான் உசுரோட இருக்கேன். உங்க பேப்பரைப் பார்த்தா வண்டி தங்கம்னு போட்டிருக்கு.”

“உக்காருங்கண்ணே. பாக்கறேன்.”

“வண்டியைப் பாரும்மா. பேப்பரைப் பாக்காத.”

அவள் முதன்முறையாக அடாப்டரின் நடுவைப் பார்த்தாள். மீட்டரை எடுத்து ஒவ்வொரு பின்னாகத் தொட்டாள். இருபதில் இரண்டுதான் உயிரோடு இருந்தன. மெஷினுக்குக் கரன்ட் போக ஒன்று, திரும்ப ஒன்று. மெஷினில் விளக்கு எரியும். காரிடமிருந்து ஒரு வார்த்தை வராது.

உடனே கூட்டம் கூட்டப்பட்டது. மேலாளர் தலைமை தாங்கினார். ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சி அலுவலர்’ நடவடிக்கைக் குறிப்பு எழுதினார்.

“சார், இது அந்தக் காருக்கான கனெக்டரே இல்லை.”

“உள்ளே போகுதா?”

“போகுது சார், ஆனா...”

“இறுக்கமா நிக்குதா?”

“நிக்குது.”

“அப்புறம் என்னம்மா? போகுது, நிக்குது. இதுக்கு மேல ஒரு கனெக்டர் என்ன செய்யணும்ங்கற?”

“கார் பேசறது மெஷினுக்குக் கேக்கணும் சார். முன்னாடியெல்லாம் ‘தொடர்பு இல்லை’ன்னாவது காட்டும்.”

“அது எதிர்மறை வாசகம். நான்தான் மேலிடத்துக்கு எழுதி எடுக்கச் சொன்னேன். கஷ்டத்தோட வர்றவங்ககிட்ட ‘இல்லை’ன்னு சொல்லலாமா?”

மகிழ்ச்சி அலுவலருக்குக் கண் கலங்கியது.

டீச்சர் வாதாடத் தெரியாதவள். வெளியே போய் ஒரு பழைய பன்னிரண்டு வோல்ட் பேட்டரியைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தாள். இரண்டு கிளிப் வயர்களால் அடாப்டரை அதோடு இணைத்து, மெஷினை ஓடவிட்டாள். மெஷின் யோசித்தது. சான்றிதழ் அச்சாகி வந்தது: ‘தங்கள் வாகனம் சிறந்த நிலையில் உள்ளது. குறைகள்: 0. இனிய பயணம்!’

“சார், இதுக்குச் சக்கரமே இல்லை.”

மேலாளர் பேட்டரியைச் சுற்றிவந்து பார்த்தார்.

“அப்ப பஞ்சரும் ஆகாது,” என்றார்.

‘சக்கரம் இல்லாத நிலையிலும் குறை காணப்படவில்லை’ என்று குறிப்பில் ஏறியது.

கூட்டம் ஒருமனதாக இரண்டு முடிவுகள் எடுத்தது. ஒன்று, அடாப்டரில் ‘பொருத்தமானது’ என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது. இரண்டு, ஐந்து மணிக்குள் டாக்சிக்கு நான்காவது சான்றிதழ் தருவது. கையெழுத்து, வழக்கம்போல டீச்சர். போடாவிட்டால் நாளை முதல் அவள் கார் கழுவும் பிரிவில் எண்ணலாம்.

அவள் கண்ணாடி வழியே பார்த்தாள். டாக்சிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். சான்றிதழ்களைச் சுருட்டி உள்ளங்கையில் பிடித்திருந்தார்.

நாலரை மணிக்கு மேலாளர் அவளிடம் வந்தார். கார்ச் சாவியை நீட்டினார். குரலில் இதுவரை கேட்டிராத பணிவு.

“டீச்சர்... நம்ம வண்டியிலயும் காலையிலேருந்து ஆமை வருதும்மா. போன வருஷ மாடல்தான். பசங்களை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போற வண்டி. கொஞ்சம் பாத்துடு.”

“சரி சார்.” பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய அடாப்டரை எடுத்தாள்.

“அது வேண்டாம்!” மேலாளர் பதறினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பையிலிருந்து சீல் பிரிக்காத ஒரு பொட்டலத்தை எடுத்தார். “இதைப் போட்டுப் பாரு.”

டீச்சர் பிரித்தாள். ஒரு முனை மெஷினுக்கு. மறுமுனையை எண்ணினாள். இருபது.

“இது எப்ப சார் வந்தது?”

“மெஷின் பெட்டியிலேயே இருந்ததும்மா. ஆளாளுக்குச் செருகினா வீணாப் போயிடும்னு என் டிராயர்ல பத்திரமா வச்சிருந்தேன்.”

அவள் வயரை எடுத்துக்கொண்டு நேராக டாக்சிக்குப் போனாள். அந்தக் கார் மூன்று மாதமாகச் சொல்லக் காத்திருந்ததையெல்லாம் மூன்று நிமிஷத்தில் சொல்லி முடித்தது. குறைகள்: 11. பேட்டரியைக் குளிரவைக்கும் பம்ப் செத்துப்போயிருந்தது. தாளில் கையெழுத்துப் போட்டாள். டாக்சிக்காரரை எழுப்பிக் கொடுத்தாள்.

“அண்ணே, பம்ப் மாத்தற வரைக்கும் வண்டி இங்கேயிருந்து நகராது. நான் விடமாட்டேன்.”

அவர் பதினொன்றையும் விரல் வைத்துப் படித்தார். “இதுதாம்மா பேப்பர்,” என்றார்.

வயர் டாக்சியிலேயே இருந்தது. டீச்சர் மேலாளரின் காருக்கு வந்து, பச்சை ஸ்டிக்கர் அடாப்டரைச் செருகினாள். உள்ளே போனது. இறுக்கமாக நின்றது. சான்றிதழ் வந்தது. அதிலும் கையெழுத்துப் போட்டு, சாவியோடு இரண்டு கையாலும் நீட்டினாள்.

“குறையே இல்லை சார். பசங்களைத் தாராளமா ஏத்திட்டுப் போங்க.”

மேலாளர் சான்றிதழைப் பார்த்தார். காரைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

சிறந்த நிலையில் இருந்த அந்தக் காரை அங்கேயே விட்டுவிட்டு, அன்று மாலை அவர் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.