எச்சில் சொன்ன சொந்தம்

நெமிலி சம்பத்தின் அப்பாவுக்கு ஆம்பூரில் இன்னொரு குடும்பம் இருந்ததாம். இருந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, இருந்ததாம். வாணியம்பாடி பஸ்ஸில் இதைச் சொன்னவருக்கு அவருடைய மைத்துனர் சொன்னாராம். மைத்துனருக்கு யாரோ கைப்பேசியில் அனுப்பினார்களாம். கண்ணால் பார்த்தவர் யார்? ஒருவரும் இல்லை. சம்பந்தப்பட்ட மனிதர் இறந்தே நாற்பது வருஷம் ஆகிறது. பிறகு யார்தான் சொன்னது?

எச்சில் சொன்னதாம்.

எச்சில் எப்படிப் பேசும் என்று கேட்கிறீர்களா? அப்படியானால் வம்ச வேட்டைக்காரர் என்ற உயிரினத்தை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை, கொடுத்து வைத்தவர். இது பெரும்பாலும் ஆண். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். குளிர்நாடுகளில் குடியிருந்து, டிசம்பர் பிறந்ததும் நம் பக்கம் வலசை வரும். மற்ற வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் பெட்டியைத் திறந்தால் சாக்லேட் வரும், சென்ட் பாட்டில் வரும்; இவர் திறந்தால் மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய்கள் வரும். கல்யாண மண்டபமோ கருமாதி வீடோ, வயதானவராகப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்து, மூன்றாவது நிமிஷத்தில் குழாயை நீட்டி, "இதுல கொஞ்சம் துப்புங்க" என்பார். அதற்கு முன் அரை மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாதாம். பந்தியில் பிரியாணி இறங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில், ஆம்பூரில், இதைச் சொல்லிவிட்டு ஒரு மனிதன் உயிரோடு வெளியே வருகிறான் என்றால் அது அவன் முன்னோர் செய்த புண்ணியம். எந்த முன்னோர் என்பதைத்தான் அவன் தேடிக்கொண்டிருக்கிறான்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரி ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் சூரியபிரகாஷைப் பாருங்கள். நெமிலியில் பிறந்தவர், தோல் பதனிடும் ரசாயனம் படித்து, இங்கிலாந்தில் நார்தாம்டனுக்குப் போய் முப்பது வருஷம் ஆகிறது. ஒரு தோலைத் தடவிப் பார்த்தே மாடு எந்தப் பக்கம் முதுகைச் சொறிந்துகொண்டது என்று சொல்லக்கூடியவர். மனிதர்களையும் அப்படியே தடவிப் பார்க்கத் தொடங்கியது மூன்று வருஷம் முன்பு, அவர் அம்மா இறந்த பிறகு. அங்கே குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்க அந்தத் தெருவில் ஒருவரும் கிடையாது. அதனால் அந்தக் கேள்வியை அவரே ஒரு குழாயில் துப்பி, மரபணு பார்த்துச் சொந்தம் சொல்லும் கம்பெனிக்கு அனுப்பிக் கேட்டார்.

பதில் வந்ததிலிருந்து மனிதர் பழைய மனிதராக இல்லை. அத்தை, மாமா என்பதெல்லாம் போய் எல்லாரும் சென்டிமார்கன், அதாவது மரபணு ஒற்றுமையை அளக்கிற கணக்கு, ஆகிவிட்டார்கள். "உங்க பெரியப்பா பேரன் நானூறு இருக்கான். அந்தக் குடியாத்தம் பையன் கம்மி, அறுபதுதான்." அதிலும் அவருக்கு உயிர், எக்ஸ் குரோமோசோம் பொருத்தம். பத்துப் பொருத்தமும் பார்க்காமல் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட மனிதர், இந்தப் பதினோராவது பொருத்தத்தைக் காலையிலும் மாலையிலும் பார்க்கிறார். யார் அகப்பட்டாலும் பாடம்தான். ஆம்பூரில் பள்ளித் தோழர் வாஹித் பாஷாவின் டீக்கடையில் நடந்த பாடம் இது.

"ஆம்பளைக்கு எக்ஸ் ஒன்னுதான். அது அம்மா குடுக்கறது. அப்பா மகனுக்கு எக்ஸ் குடுக்கவே மாட்டார், மகளுக்குத்தான் குடுப்பார். அதனால எனக்கும் உனக்கும் எக்ஸ் ஒத்துப்போச்சுன்னா, கண்ணை மூடிக்கினு அப்பா பக்கத்தை அடிச்சுடலாம். சொந்தம் அம்மா பக்கம்தான்."

"எங்கப்பா எனக்கு ஒரு சைக்கிள்கூடக் குடுக்கல. இதையும் குடுக்கலியா?" என்றார் வாஹித் பாஷா, டீயை ஆற்றிக்கொண்டே. "ஆமா தோஸ்த், ஒன்னு கேக்கறேன். எங்க ஊட்ல சித்தப்பா பொண்ணு, பெரியப்பா பொண்ணுன்னு கட்டிக்கினு இருக்கோம். அம்மா பக்கம் எது, அப்பா பக்கம் எதுன்னு எங்களுக்கே தெரியாது. உன் மெஷினுக்கு எப்படித் தெரியும்? பேஜாராயிடும்பா."

சூரியபிரகாஷ் சிரித்தார். விஞ்ஞானம் தெரியாதவர்களைப் பார்த்து அவர் சிரிக்கிற சிரிப்பு ஒன்று உண்டு. உதடு மட்டும் அசையும்.

கணினியில் அவர் வளர்த்த வம்ச மரத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு பெட்டிக்கு ஒரு ஆள். மேலே அப்பாவுக்கு ஒரு பெட்டி, அம்மாவுக்கு ஒரு பெட்டி. அவர்களுக்கு மேலே நாலு, அதற்கு மேலே எட்டு. அப்பாவைப் பெற்ற மீனாம்பாளை ஒரு பெட்டியில் போட்டார். பிறகு அம்மாவின் பக்கம் போய், அம்மாவைப் பெற்ற சம்பூர்ணத்தைப் போட்டு, சம்பூர்ணத்துக்கு மேலே மறுபடியும் மீனாம்பாள் என்று அடித்தார். உடனே சிவப்பில் ஓர் எச்சரிக்கை: இந்த நபர் ஏற்கெனவே உங்கள் மரத்தில் இருக்கிறார், ஒன்றை நீக்கட்டுமா? முப்பது வருஷ வெளிநாட்டு வாசத்தில் அவர் கற்ற முதல் பாடம், இயந்திரம் கேட்டால் ஆமாம் என்று சொல்வது. நீக்கினார். சம்பூர்ணத்துக்கு மேலிருந்த பெட்டி காலியானது.

இந்த வருஷம் அவர் வந்தது குழாய்க்காக அல்ல, சம்பத் மாமாவின் எண்பதாம் கல்யாணத்துக்காக. அம்மாவின் தம்பி சம்பத். சூரியபிரகாஷின் ஒன்பதாவது வயதில் அவர் அப்பா இறந்தபோது, இனி இவன் என் பிள்ளை என்று கையைப் பிடித்து அழைத்துப் போனவர். அதற்கு முன்பே காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டு, பையன் கடித்த கடியைக் கையில் தாங்கியவர். விழா ஞாயிற்றுக்கிழமை. மாமாவின் அப்பா படத்துக்கு மாலை போட்டுத்தான் தொடக்கம். மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் சூரியபிரகாஷ்.

செவ்வாய்க்கிழமை காலை, ஆம்பூர் லாட்ஜில் இட்லிக்குக் காத்திருந்தபோது கைப்பேசி சிணுங்கியது. புதிய உறவு! தானியேல், ஆம்பூர், ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் பிரிசில்லா கிறிஸ்துமஸ் பரிசாக அப்பாவுக்கு ஒரு குழாய் அனுப்பியிருக்கிறாள். பொருத்தம் முந்நூற்று நாற்பது. எக்ஸிலும் நல்ல நீளத்துக்கு ஒத்துப்போகிறது. ஒரே தாத்தா, வேறு வேறு பாட்டி வழிப் பேரப்பிள்ளைகளாக இருக்கலாம் என்று இயந்திரம் ஊகம் சொன்னது.

சூரியபிரகாஷுக்கு இட்லி மறந்தது. எக்ஸ் பொருத்தம், ஆகவே அப்பா பக்கம் கிடையாது. அம்மா பக்கத்தில் இரண்டு வழி, அம்மாவின் அம்மா, அம்மாவின் அப்பா. சம்பூர்ணத்துக்கு மேலே காலிப் பெட்டி. காலிப் பெட்டியைக் குற்றம் சாட்ட முடியாது. அதனால் பெயர் இருந்த பெட்டியைக் குற்றம் சாட்டினார். அம்மாவின் அப்பா, அதாவது சம்பத் மாமாவின் அப்பா. அவருக்கு ஆம்பூரில் ஒரு ரகசிய மகள். அவள் பெற்ற பிள்ளை தானியேல். கணக்கு எவ்வளவு அழகாக உட்கார்ந்தது! இவ்வளவு அழகான கணக்கைத் தனியாக வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்வான்? அறுபத்திரண்டு பேர் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், வரைபடத்தோடு போட்டார். கீழே ஒரு வரி: 'விஞ்ஞானம் பொய் சொல்லாது.'

பத்தாவது நிமிஷம் சம்பத் குழுவிலிருந்து வெளியேறினார். மத்தியானம் மண்டபத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்: விழா வேண்டாம்.

மாலை லாட்ஜுக்கு வந்து நின்றவள் மாமாவின் மகள் பூர்ணிமா. ராணிப்பேட்டையில் கணக்கு டீச்சர்.

"இன்னா அத்தான் பண்ணி வச்சிருக்கீங்க? காலையிலேர்ந்து அவரு பச்சத் தண்ணி குடிக்கல. 'எங்கப்பா படத்துக்கு முன்னாடி நான் எப்படிமா போய் நிப்பேன்'னு ஒரே வார்த்தை."

"பூர்ணிமா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா டேட்டா..."

"டேட்டாவத் தூக்கிக் குப்பைல போடுங்க. அந்த தானியேல் ஊட்டுக்குப் போலாம், வாங்க. நீங்க இன்னா கேக்கறீங்க, அவரு இன்னா சொல்றாருன்னு நானும் பாக்கறேன்."

மறுநாள் போனார்கள். தானியேல் வாசலிலேயே காத்திருந்தார், வெள்ளைச் சட்டை, பேனா சகிதம். சூரியபிரகாஷின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. மெர்சி, அவர் மனைவி, கேக் வைத்தாள், மிக்சர் வைத்தாள், உற்றுப் பார்த்துவிட்டு, "அதே நெத்தி" என்றாள்.

"எங்க ஊட்டுப் பக்கம் சொந்தம்னு யாருமே வந்ததில்ல சார்" என்றார் தானியேல். "எங்கம்மாவைப் பெத்தவங்க பேரு சவுரியம்மாள். அது மாத்திக்கின பேரு. சொந்த ஊரு நெமிலி பக்கம். தோல் ஷாப்புல வேலை செஞ்ச எங்க தாத்தாவ இஷ்டப்பட்டுக் கட்டிக்கினாங்க. ஊட்ல செத்துட்டான்னு தலை முழுகிட்டாங்களாம். கூடப் பொறந்த அக்கா ஒருத்தங்க மட்டும் வருஷத்துக்கு ஒருவாட்டி யாருக்கும் தெரியாம வந்து பாத்துட்டுப் போவாங்களாம். மீனாம்பாள்னு பேரு."

பூர்ணிமா நிமிர்ந்தாள். சூரியபிரகாஷ் மறுத்துத் தலையாட்டினார். ஆமாம், மறுத்து! தேடி வந்த புதையல் மடியில் விழுகிறது. இவர் அதைத் தட்டிவிடுகிறார்.

"இல்லீங்க. மீனாம்பாள் எங்கப்பாவைப் பெத்தவங்க. அப்பா பக்கம். அந்த வழியா எக்ஸ் எனக்கு வரவே வராது. இது வேற மீனாம்பாளா இருக்கும்."

"அத்தான்." வகுப்பில் கடைசி பெஞ்சைக் கூப்பிடுகிற குரல். "மீனாம்பாளுக்கு எத்தினி பசங்க?"

"ரெண்டு. மூத்தவங்க சம்பூர்ணம். அடுத்தது எங்கப்பா."

"சம்பூர்ணம் யாரைப் பெத்தாங்க?"

"உங்கப்பாவை. எங்க..." அவர் நிறுத்தினார்.

"சொல்லுங்க."

"எங்கம்மாவை."

"உங்கப்பா கட்டிக்கினது யாரை? சொந்த அக்கா பொண்ணை. மீனாம்பாள் உங்களுக்கு அப்பா பக்கமும்தான், அம்மா பக்கமும்தான். மீனாம்பாள்கிட்டேர்ந்து சம்பூர்ணம், அவங்ககிட்டேர்ந்து உங்கம்மா, உங்கம்மாகிட்டேர்ந்து நீங்க. நடுவுல ஆம்பளை யார்னா இருக்காங்களா?" விரல்களை மடக்கிக் காட்டினாள். மூன்று பெண்கள். "எங்க தாத்தாவ எதுக்கு இழுத்தீங்க? ஊருல அக்கா பொண்ணு கட்டற வழக்கமே உங்களுக்கு மறந்துபோச்சா, இல்ல அந்த மெஷினுக்குத் தெரியாதா?"

இரண்டும்தான். சிவப்பு எச்சரிக்கை அவர் கண்முன் வந்தது. ஒரே பெண்மணி இரண்டு பெட்டியில் உட்காரக் கூடாது என்று இங்கிலாந்து இயந்திரம் சொன்னதும், தம்முடைய சொந்த ரத்தத்தையே அழித்துவிட்டு வந்த மனிதர், ஓர் அப்பாவிக் கிழவருக்கு ஆம்பூரில் குடும்பம் வைத்துக் கொடுத்திருக்கிறார்.

"அப்ப நான் யார் சார் உங்களுக்கு?" என்றார் தானியேல், பயந்தபடி.

"மாமா" என்றார் சூரியபிரகாஷ். "இல்ல, இருங்க... அப்பா வழில பாத்தா மச்சான்." அவர் வாயில் ஒரு சென்டிமார்கனும் வரவில்லை.

மாமாவின் எண்ணைத் தேடினார். பூர்ணிமா தன் கைப்பேசியை எடுத்து, பிறகு பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள்.

"நான் பண்ணா எடுப்பாரு. ஆனா நீங்கதான் பண்ணணும், உங்க போன்ல."

பண்ணினார். மணி போகிறது.

அது போகட்டும்; அதுவரை உங்களிடம் ஒரு வார்த்தை. நீங்கள் குழாயில் துப்பியதே இல்லை, எக்ஸும் தெரியாது, ஒய்யும் தெரியாது. நல்லது. ஆனால் போன வாரம் அந்தக் கல்யாணப் பந்தியில், எதிர் இலையில் உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர் காதில் குனிந்து, "இது அவங்க வீட்டு மூக்கு இல்லையே" என்று சொன்னது யார்? கம்பெனி வேண்டாம், குழாய் வேண்டாம், ரசம் சாதம் முடிவதற்குள் முடிவு சொல்லிவிட்டீர்களே! அந்தப் பையனின் அப்பா மூன்றாவது இலையில்தான் இருந்தார். கேட்டிருக்க மாட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள், எடுக்கிறாரா என்று.

தானியேல் வீட்டில் கேக்கை யாரும் தொடவில்லை. மணி நின்றது. சூரியபிரகாஷ் மறுபடி அழுத்தினார். நெமிலியில், மாமாவின் சட்டைப் பையிலோ ஜன்னல் விளிம்பிலோ, அது அடித்துக்கொண்டே இருக்கிறது.