கட்டம் போட்ட சட்டையைத் தொட்ட சம்பந்தி அம்மாளுக்கு

ராஜபாளையம்,
1988, தை மாதம்.

மரியாதைக்குரிய சம்பந்தி செல்லக்கனி அம்மாள் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் குமாஸ்தா தவசிமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் மூட்டுவலியைத் தவிர எல்லோரும் சௌக்கியம். தங்கள் மகளும் என் மருமகளுமான பரிபூரணம் நன்றாகச் சாப்பிடுகிறாள், பேரன் கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான். வத்திராயிருப்பில் தங்கள் தென்னைகளும் மாமரங்களும் தங்கள் கணவரும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக அவர் பெயருக்குத்தான் எழுதுவேன். இந்த விஷயத்தில் தொட்டவர் தாங்கள், தொடப்பட்டவன் நான் என்பதால் நேராகத் தங்களுக்கே எழுதுவதுதான் முறை என்று பட்டது.

எனக்குத் தங்கள் மேல் வருத்தம் எதுவும் இல்லை. தங்கள் சங்கிலி வழக்கில் மைதீன் பிச்சை போட்ட அப்பீலில் வருகிற செவ்வாய்க்கிழமை சாட்சி சொல்லும்படி எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. போவேன், ஆனால் ஒன்றும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். என் வயதில் இதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதைச் சொல்லித் தங்களை நிம்மதியாக இருக்கச் செய்யவே இக்கடிதம்.

நடந்தது என்ன? புரட்டாசிச் சனிக்கிழமை தாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைக் கும்பிடப் போனீர்கள். மலைப்படியில் கூட்டத்துக்குள் எவனோ பின்னாலிருந்து தங்கள் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான், அவன் முதுகைத்தான் தாங்கள் பார்த்தீர்கள். ஆனாலும் தைரியமாக எட்டிப் பிடித்ததில் அவன் சட்டையிலிருந்து வெள்ளைத் துணி ஒரு கிழிசல் தங்கள் கையோடு வந்தது, அதை ஏட்டிடம் ஒப்படைத்தீர்கள். அதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும் என்கிறார் மைதீன் பிச்சையின் வக்கீல். ஏட்டு அதைக் கொண்டு தன் மோட்டார் சைக்கிளைத் துடைத்தார் என்று தாங்களே எங்கள் வீட்டில் சொல்லிச் சிரித்தீர்கள். துடைத்து முடித்த கையோடு, அடிவாரத்தில் சைக்கிள் ஸ்டாண்டு போட்டிருந்த மைதீன் பிச்சையைப் பிடித்துக்கொண்டு போனார். ஏன் அவரை என்று யாரோ கேட்டதற்கு, மற்றவர்கள் எல்லோரும் சாமி கும்பிட வந்தவர்கள் என்றாராம். சங்கிலி அவரிடமும் இல்லை, அவர் வீட்டிலும் இல்லை. அவர் போட்டிருந்தது பச்சையும் சிவப்புமாகக் கட்டம் போட்ட சட்டை, அதில் ஒரு கிழிசலும் இல்லை.

நான் இதில் எப்படி மாட்டினேன் என்றால், பென்ஷனுக்காக நான் இன்னும் உயிரோடு இருப்பதை ஸ்ரீவில்லிபுத்தூர் கருவூலத்தில் நிரூபித்துவிட்டு வெளியே வந்தேன். கோர்ட் டவாலி ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அண்ணாச்சி, செத்த நேரம் ஜெயிலுக்கு வந்துட்டுப் போங்க. அந்த ஆளு ஒசரம்தான் இருக்கிய, மீசையும் அப்படியே இருக்கு" என்றார். அடையாள அணிவகுப்பாம், கைதியோடு வரிசையில் நிற்க அவரைப் போல ஆட்கள் வேண்டுமாம். ஜெயில் என்றதும் மறுத்திருக்க வேண்டும், சர்க்கார் உத்தியோகம் பார்த்த உடம்பு மறுக்கவில்லை. மாஜிஸ்ட்ரேட் நல்ல மனிதர். போலீஸ்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, இடத்தையோ உடுப்பையோ மாற்றிக்கொள்ள வேண்டுமா என்று மைதீன் பிச்சையிடம் கேட்டார். அவர் என் காதருகே வந்து, "அய்யா, இந்தக் கட்டம் போட்ட சட்டையோடதான் ஸ்டேஷன்ல வச்சு என்னைய அந்தம்மாட்டக் காட்டுனாவ. ஒங்க சட்டையச் செத்த மாத்திக்கிடுவியளா?" என்று கேட்டார். நான் என் சந்தனக் கலர் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவருடையதைப் போட்டுக்கொண்டேன்.

பிறகு சாட்சி வந்தது. தாங்கள்தான் அந்தச் சாட்சி என்று எனக்கு அதுவரை தெரியாது. பிற ஆண்களை ஏறிட்டுப் பார்க்காத குடும்பத்தில் பிறந்தவர் தாங்கள், தரையைப் பார்த்தபடியே வந்து, பார்வையைச் சட்டை வரைக்கும் உயர்த்தி அங்கேயே நிறுத்திவிட்டீர்கள். சத்தம் போடக் கூடாது என்று உத்தரவு, ஆகவே நான் மீசையை மட்டும் இரண்டு தடவை அசைத்துக் காட்டினேன். பலனில்லை. சம்பந்தம் ஆன நாளிலிருந்து ஒரு வெற்றிலைத் தட்டைக்கூடக் கைக்குக் கை கொடுக்காமல் கீழே வைத்து எடுக்கிற நாம்! தாங்கள் என் நெஞ்சில் விரலை வைத்து, "இவந்தான்யா" என்றீர்கள். அதுநாள் வரை என்னை "அவிய" என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள். மாஜிஸ்ட்ரேட் முறைப்படி மறுபடியும் இரண்டு தடவை வரிசையை மாற்றினார். கட்டம் போட்ட சட்டை வரிசையில் நின்ற பூக்கட்டுகிறவரிடம் போனது, அவரைத் தொட்டீர்கள். பொத்தான் எட்டாத தொந்தியோடு நின்ற ஓட்டல்காரரிடம் போனது, அவரையும் தொட்டீர்கள். அறிக்கையில் சாட்சி வேறு ஆட்களைத் தொட்டார் என்று மட்டும் எழுதினார்கள், சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்தக் களேபரத்தில் என் சட்டையோடு மைதீன் பிச்சையை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட, ஓட்டல்காரர் கழற்றிக் கொடுத்த கட்டம் போட்ட சட்டையோடு நான் வீட்டுக்கு வந்தேன். மகளைப் பார்க்க வந்து எங்கள் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தாங்கள், கையில் பிசைந்த சோற்றோடு எழுந்து, "ஏட்டி பரிபூரணம், திருடன் வாரான்!" என்று கத்தினீர்கள். முகத்தைப் பார்த்ததும், "அய்யய்யோ, அண்ணாச்சியா!" என்று உட்கார்ந்துவிட்டீர்கள். பிறகு என் வீட்டுக்காரி அழகுத்தாயிடம், "நான் என்னத்தக் கண்டேன் மதினி? கட்டம் போட்ட சட்டைய விட்டுராதீங்கன்னு ஏட்டய்யா சொன்னாவ, நானும் விடல" என்றீர்கள். அன்றைக்கு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அணிவகுப்பில் அடையாளம் தப்பிவிட்டது, அவரை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தோம்.

விடவில்லை. விசாரணையில் தாங்கள் தலையைக் குனிந்தபடியே கூண்டைக் கைகாட்டினீர்கள். கூண்டில் ஒரே ஓர் ஆள்தான் நிற்பது வழக்கம், அதனால் இந்தத் தடவை அடையாளம் சரியாக இருந்தது. ஜெயிலில் சாட்சி பதற்றத்தில் இருந்தார், கோர்ட்டில் நிதானமாக இருக்கிறார் என்று சொல்லி ரெண்டு வருஷம் கடுங்காவல் போட்டார்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கூண்டிலும் பத்துப் பேரை நிறுத்த வேண்டும், கிழிந்த துணியை வண்டி துடைக்கிறவரிடம் கொடுக்கக் கூடாது. என்னை யாரும் கேட்கவில்லை.

கோர்ட்டில் நான் வாயைத் திறந்தால், கூடத்தில் தாங்கள் சொன்னது எழுத்தில் ஏறிவிடும். பொய்ச் சாட்சி என்று தங்கள் மேல் வழக்குப் பாயலாம். பேரனுக்குக் காது குத்து வருகிறது, தாய்மாமன் மடி இல்லாமல் அதை நடத்த முடியாது. ஆகவே ஒன்றும் ஞாபகமில்லை. தாங்கள் நீடூழி வாழ ஆண்டாளை வேண்டி, சம்பந்தி வைகுண்டராஜ் அவர்களுக்கு என் வணக்கத்தையும், வீட்டில் உள்ள குழந்தைகளுக்கு ஆசிகளையும் தெரிவிக்கிறேன்.

இப்படிக்குத் தங்கள் அன்பு மறவாத,
தவசிமுத்து

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மைதீன் பிச்சையின் மனைவி ஹாஜரா வந்தாள். எனக்கு ஞாபகசக்தி போய்விட்டது என்று அவளிடமும் சொன்னேன். அவள் அழவில்லை. "ரெண்டு பேரும் சட்டைய மாத்திக்கிட்டு நின்னிய. அந்தம்மா தொட்டது ஒங்களத்தான். ஆனா வீடு திரும்புனது நீங்கதான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த பரிபூரணம், "மாமா, எங்கம்மா சொன்னத அப்படியே சொல்லிருங்க. அம்மாட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றாள். ஆகவே ஞாபகமில்லை என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். செவ்வாய்க்கிழமை எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். தாங்களும் வரவும். மைதீன் பிச்சையை அன்றைக்குக் கூட்டிவருவார்கள். அவர் முகத்தைத் தாங்கள் இன்னும் பார்க்கவில்லை.