மாதக் கட்டணக் கப்பல்

என் மனைவியை உயிரோடு நான் கடைசியாகப் பார்த்தது ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில். தலை வாரி முடித்து, தலையணையை இரண்டாக மடித்து முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். நான் கிளம்பும்போது கையைப் பிடித்து நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கப்பலைக் கட்டிட்டீங்களா?"

மருந்து கலந்துகொண்டிருந்த நர்ஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். வராந்தா வரைக்கும் கூடவே வந்து, இந்த மாதிரி நேரத்தில் நினைவு கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றாள். நான் தலையாட்டினேன். தடுமாறியது என் நினைவுதான். கப்பலைக் கட்டாமலே கிளம்பி வந்திருந்தேன். அவளிடம் கட்டிவிட்டேன் என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை. நான் சொன்ன பொய்களில் அவள் நம்பியது என்று எதுவுமே கிடையாது.

எங்கள் மாதிரி ஆட்களுக்குக் கப்பல் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். என் புத்திசாலித்தனத்தால் வந்தது.

நான் லிஃப்ட் மெக்கானிக். அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். அவள் ஒரு வண்டியின் பெயரைச் சொன்னால், அந்த வண்டிக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். அப்படி ஒரு குரல். அதை அவள் வேலையிடத்தில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை.

"கவனிக்கவும். குளியலறையில் ஈரத்துண்டு ஒன்று கேட்பாரற்றுக் கிடக்கிறது. உரியவர் உடனே வந்து எடுத்துச் செல்லவும்."

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அவள் துண்டு கொடியில் காய்கிறது. உரியவர் யார் என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஒரு பலவீனம், கம்ப்யூட்டர் விளையாட்டு. மீன்தொட்டி வைத்து மீன் வளர்ப்பது, கேக் கடை நடத்துவது, பூனைகளுக்கு முடி வெட்டி அழகுபடுத்துவது. ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவாள். நான்கைந்து நாள் ஆடுவாள். பிறகு மீன்கள் பட்டினி கிடக்கும், இவள் பூனை பக்கம் போய்விடுவாள். பூனை அலுத்தால் அடுத்தது.

எங்கள் வீட்டில் அப்போது துணி துவைக்கும் மெஷின் ஒன்று இருந்தது. துணி பிழியும்போது அது நடக்கும். குளியலறையில் புறப்பட்டுக் கூடம் வரைக்கும் வந்து, விருந்தாளி மாதிரி வாசலைப் பார்த்து நிற்கும். அதை நிறுத்த எனக்குத் தெரிந்த ஒரே தொழில்நுட்பம் மேலே ஏறி உட்காருவது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் அதன் மேல் உட்கார்ந்து பல் கிடுகிடுக்கச் செய்தித்தாள் படிப்பேன். எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். புது மெஷின் வாங்கப் பணம் சேர்த்தோம். ஒரு பக்கம் சேரச் சேர, இன்னொரு பக்கம் மீனும் கேக்கும் தின்றுகொண்டிருந்தன. என் எலும்புகள் ஒன்றோடொன்று பழக்கம் விட்டுப்போவதற்குள் புது மெஷின் வந்தாக வேண்டும்.

நானும் சில விளையாட்டுகள் வாங்கியதுண்டு. மறைக்க மாட்டேன். ஆனால் அவை தொழில் சம்பந்தப்பட்டவை. கிரேன் ஓட்டும் விளையாட்டு ஒன்று. கிரேனிலும் கம்பிவடம், லிஃப்டிலும் கம்பிவடம். அடுத்து சுரங்கம் தோண்டுவது. அதிலும் லிஃப்ட் உண்டு. பிறகு தார் ரோடு போடுவது. ரோட்டுக்கும் லிஃப்டுக்கும் என்ன சம்பந்தம் என்பது ஆடி முடிக்கும்வரை பிடிபடவில்லை, ஆனால் இல்லாமலா போகும்? இவற்றை நான் சமையலறையில், பழைய லேப்டாப்பில், குக்கர் சத்தத்துக்கு மறைவாக ஆடுவேன். அவளுக்குத் தெரியாது. அதாவது, தெரியாது என்று எனக்குத் தெரியும்.

இந்த நிலைமையில்தான் என் மைத்துனன் வந்தான். அவளுடைய தம்பி. விளையாட்டு விற்கும் கடை வைத்திருந்தான். வந்தவன் தன் கடைக் கஷ்டத்தைச் சொல்லி அலுத்துக்கொண்டான். இப்போது மாதாமாதம் கட்டணம் கட்டி ஆடும் பெரிய விளையாட்டுகள் வந்துவிட்டன, ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடுவது. அதில் ஓர் ஆள் சேர்ந்தால் போதும், அதோடு தன் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் குறைந்தார் என்றான்.

"ஏன், வேற வாங்கக் கூடாதுன்னு சட்டமா?" என்று கேட்டேன்.

"சட்டம் எதுக்கு மாமா? காசு கட்டியாச்சு, ஆடலன்னா வீணாப் போகுமேன்னு அதையே ஆடுவாங்க. அதை ஆடவே நேரம் பத்தாது. அப்புறம் மத்ததை யாரு சீண்டுவா?"

அவன் போன பிறகு நெடுநேரம் கூடத்தில் மேலும் கீழும் நடந்தேன். நான் லிஃப்ட்காரன், மேலும் கீழும் எனக்குக் கைவந்தது. திட்டம் பிறந்தது. ஒரு மாதக் கட்டணம் போய், மற்ற செலவெல்லாம் நின்றால் லாபம் யாருக்கு?

அன்றைக்கே ஒரு கப்பல் விளையாட்டில் அவள் பெயரில் பணம் கட்டி, பெரிய மனது பண்ணிக் கொடுப்பவன் மாதிரி அவளிடம் கொடுத்தேன்.

"எதுக்கு இப்ப?" என்றாள்.

"உனக்குத்தான். சும்மா சின்னச் சின்னதா ஆடிட்டிருக்கியே, பாவம்."

"மாசாமாசம் கட்டணுமாமே?"

"நான் கட்டறேன்."

"உங்க இஷ்டம்" என்றாள். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அந்த இடத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

திட்டம் பலித்தது. எவ்வளவு பலித்தது என்றால், பயமாக இருந்தது. மீன்கள் மடிந்தன. கேக் கடை நொடித்தது. பூனைகளுக்கு முடி கண்ணை மறைத்தது. இவள் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை, எதையும் புதிதாக வாங்கவில்லை. பேருந்து நிலையத்தையே கட்டி மேய்த்தவளுக்கு ஒரு கப்பல் எம்மாத்திரம்? கொஞ்ச நாளில் கேப்டன் ஆகிவிட்டாள். எந்தெந்த ஊரிலோ இருக்கிறவர்கள் எல்லாம் அவள் குரலுக்குக் கயிறு இழுத்தார்கள்.

என் கணக்கில் நான் ஜெயித்துவிட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சாயங்காலமானால் கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. யாருடன் சிரிக்கிறாள்? எதற்குச் சிரிக்கிறாள்? போய் நின்றால், "பாய்மரம் மறைக்குது, தள்ளுங்க" என்கிறாள்.

வேறு வழியில்லாமல் நானும் ஒரு மாதக் கட்டணம் கட்டினேன். வேவு பார்க்க. 'கறுப்புச் சுறா' என்று ஒரு பயங்கரமான பெயர் வைத்துக்கொண்டு அவள் கப்பலில் வேலை கேட்டுப் போனேன். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் ஊமைச் சுறா. எல்லாவற்றையும் எழுத்தில்தான் சொல்வேன். சமையலறையில் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். கேப்டனின் முதல் கட்டளை வந்தது.

"சுறா, நீ மேல்தளம் கழுவு."

கழுவினேன். மறுநாளும் கழுவினேன். மற்றவர்கள் புயலோடு போராடினார்கள், புதையல் எடுத்தார்கள். நான் அவர்கள் பின்னாலேயே போய் அவர்கள் காலடித் தடத்தைத் துடைத்தேன். விட்டுவிட்டு வரலாம் என்றால், மாதம் முழுவதற்கும் காசு கட்டியாகிவிட்டது. ஆடாவிட்டால் வீண். மாத முடிவில் பார்த்தால், இன்னும் நாலு நாள் கழுவினால் பதவி உயர்வு வரும்போல இருக்கும். திரும்பக் கட்டுவேன். என் கிரேன் ஒரு இரும்புத் தூணைத் தூக்கியபடி அந்தரத்திலேயே நின்றது. தார் ஆறிப்போனது. எனக்கு அந்த ஞாபகமே இல்லை.

ஒருநாள் மற்றவர்கள் கரையிறங்கிய சமயம், கேப்டன் என்னோடு பேச்சுக் கொடுத்தாள். சுறாவுக்குக் கல்யாணம் ஆயிற்றா, வீட்டில் எப்படி என்றெல்லாம் விசாரித்தாள். முன்பின் தெரியாதவர்களிடம் மனசைத் திறப்பது எவ்வளவு சுகம். என் மனைவி தங்கமானவள், ஆனால் சமையலில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று எழுதினேன். அவளுக்குத் தெரியாமல் நான் கிரேன் விளையாட்டு வாங்கியதையும் எழுதினேன். சுரங்கத்தையும் எழுதினேன். ரோட்டையும் விடவில்லை.

மறுநாள் சாப்பாட்டில் உப்பே இல்லை. அடுத்த நாளும் இல்லை. என்ன இது என்று கேட்டேன். உடம்புக்கு நல்லதாம் என்றாள். ஒரு வாரம் கழிந்து, பொறுக்க முடியாமல் கேப்டனிடமே அழுதேன். என் மனைவி அந்தக் காலத்தில் போட்ட உப்பைப் போல உலகத்தில் யாருக்கும் போடத் தெரியாது, அந்த உப்புக்கு நான் ஏங்குகிறேன் என்று உருக்கமாக எழுதினேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே உப்பு திரும்பி வந்தது. தற்செயல் என்று நினைத்தேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்பது இதிலிருந்து உங்களுக்கு விளங்கும்.

கடைசியில் அந்த நாளும் வந்தது. துணை கேப்டனைத் தேர்ந்தெடுக்க எல்லா மாலுமிகளையும் மேல்தளத்துக்கு அழைத்தாள். தளம் கண்ணாடி மாதிரி மின்னியது. மின்ன வைத்தவன் யார்? நான் முன்வரிசையில் போய் நின்றேன். அடுப்பில் பால் வைத்திருந்தேன், அதைக்கூட மறந்து நின்றேன். கேப்டன் தொண்டையைச் செருமினாள்.

"கவனிக்கவும். மேல்தளம் கழுவும் சுறாவின் கனிவான கவனத்துக்கு. சமையலறையில் பால் பொங்கிக்கொண்டிருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வரவும்."

கப்பல் முழுக்கச் சிரித்தது. ஒரு காதில் ஹெட்ஃபோன் வழியாகவும், இன்னொரு காதில் கூடத்திலிருந்து நேராகவும் அவள் சிரிப்பு கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டுப் போய் நின்றேன். கப்பல் கவிழ்ந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள், அது நன்றாகத்தான் மிதக்கிறது என்றாள்.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"முதல் நாளே. கப்பல் ரூமுக்குள்ள வர்றப்ப கதவை ரெண்டு தடவை திறந்து மூடினீங்களே."

லிஃப்ட் வேலையில் கதவை ஒருமுறை மூடினால் போதாது, மறுபடி திறந்து மூடி, சரியாகப் பூட்டிக்கொள்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அது கையில் ஏறிப்போய்விட்டது. பீரோ, ஃப்ரிஜ், மளிகைக்கடைக் கதவு, எதையும் நான் இரண்டு தடவைதான் மூடுவேன். நடுக்கடலிலும் அதையே செய்திருக்கிறேன்.

"உலகத்திலேயே இப்படிக் கதவு மூடுற சுறா ஒண்ணுதான் இருக்கு" என்றாள்.

"சரி, போகட்டும். என்னைக் கழுவ வெச்சு வேடிக்கை பார்த்தே. ஆனா கடைசியில ஜெயிச்சது யாரு? உன் மீன் செலவு, பூனைச் செலவெல்லாம் நின்னுதா இல்லையா?"

"நின்னுது" என்று ஒப்புக்கொண்டாள். "உங்க கிரேனும் நின்னுதா?"

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்து மூடினேன்.

அப்புறம் நிதானமாகச் சொன்னாள். நான் வாங்கிய ஒரு கிரேன் விலைக்கு அவள் ஒரு குளம் நிறைய மீன் வளர்த்திருக்கலாமாம். வாங்காதே என்று சொன்னால் நான் கேட்கிற ஆள் இல்லை. பணம் கட்டி இதில் சேருங்கள் என்றால் காத தூரம் ஓடுவேன். ஆனால் அவள் என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்க்காமல் என்னால் ஒருநாள் இருக்க முடியாது. காசு கட்டிவிட்டு அதை வீணாக்கவும் முடியாது. இந்த இரண்டும் அவளுக்கு மனப்பாடம். அதனால்தான் தம்பியை வரச் சொல்லி, சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிக் கொடுத்து, என்னிடம் அனுப்பியிருக்கிறாள்.

"அப்ப அவன் கடைக் கஷ்டம்?"

"அவன் கடை நல்லா ஓடுது. நீங்கதானே பெரிய வாடிக்கை."

துணை கேப்டன் பதவி, எப்போது பார்த்தாலும் பல்வலி என்று புலம்பும் எவனோ ஒரு மாலுமிக்குப் போயிற்று. அடுத்து வந்த மாதங்களில் வீட்டில் யாரும் புதிதாக எந்த விளையாட்டும் வாங்கவில்லை. புது மெஷின் வந்தது. நின்ற இடத்திலேயே நின்று துவைத்தது. அதன் எதிரில் நாற்காலி போட்டு ஆடாமல் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். எழுத்து ஒற்றையாகத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் எட்டிப் பார்த்து, கவனிக்கவும், மெஷினுக்குள்ளே மட்டும் ஈரம் இருந்தால் போதும் என்றாள்.

அதன் பிறகு பல வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கப்பல் ஓட்டினோம். அவள் ஓட்டினாள். நான் கழுவினேன். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தினமும் ஆட்டம் முடிந்ததும் கப்பலைத் துறைமுகத்தில் கட்டும் வேலையை மட்டும் என்னை நம்பி ஒப்படைத்தாள். கட்டாவிட்டால் கப்பல் அலையோடு போய்விடும், வேறு ஆட்கள் சரக்கைக் கொள்ளையடித்து விடுவார்கள். அந்த ஒருநாள்தான் மறந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்குப் போனேன். கப்பல் கொஞ்ச தூரம் நகர்ந்திருந்தது. இழுத்து வந்து கட்டினேன். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று அவிழ்த்து இன்னொரு தடவை கட்டினேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது கை கயிற்றில்தான் இருந்தது.

மைத்துனன் ஒரு தடவை வந்து புது கிரேன் விளையாட்டு ஒன்றைச் சும்மாவே கொடுத்துவிட்டுப் போனான். இன்னும் உறை பிரிக்கவில்லை. நேரம் எங்கே இருக்கிறது? கேப்டன் பெயரில் கட்டணம் நின்றால் கப்பலைக் கலைத்துவிடுவார்கள் என்பதால் இரண்டு பேருக்கும் நானே கட்டுகிறேன். அந்தக் கப்பலில் யாருக்கும் பதவி உயர்வு கொடுக்கும் அதிகாரம் கேப்டனுக்கு மட்டும்தான். ஆகவே நான் இன்னும் மேல்தளம்தான் கழுவுகிறேன்.