காதில் வைத்த பஞ்சு

மேனேஜர் உமாராணி விஷயத்தைச் சொன்னபோது, செந்தூர்வேல் தன் துப்பாக்கியின் நுனியில் தொங்கிய தூக்குச்சட்டிப் பையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம நீங்களும் டெரன்ஸும் ரைபிள் கிளப்புக்குப் போறீங்க. ஹெட் ஆபீஸ் ஆர்டர். ஆளுக்கு அஞ்சு ரவுண்டு சுடணும்."

"யார மேடம்?"

"அட்டைய."

செந்தூர்வேல் பையை மறுபடியும் துப்பாக்கியிலேயே மாட்டிவிட்டார். சாம்பார் சிந்திவிடக் கூடாது.

முத்தையாபுரத்தில் இருந்த அந்த நகைக்கடன் கம்பெனிக் கிளையில் அவர் காவல்காரர். மாமனார் வாழைத்தோட்டத்தில் பன்றி விரட்ட வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி, லைசென்ஸோடு மருமகன் கைக்கு வந்தது. துப்பாக்கி சொந்தமாக இருக்கிறது என்ற ஒரே தகுதிக்கு வேலையும் வந்தது. அன்றிலிருந்து அந்தத் துப்பாக்கி மிகக் கடுமையாக உழைத்துவந்தது. எழுந்திருக்கும்போது ஊன்றுகோல், சாப்பாட்டு நேரம் வரை கொக்கி, கடல்காற்று வீசும் மாதங்களில் கதவுக்கு முட்டு. ஒரு வேலையை மட்டும் அது செய்ததில்லை. சுட்டதில்லை.

காரணம், அவருக்குச் சத்தம் ஆகாது. தீபாவளியன்று விடிவதற்கு முன் குளியலறைக்குள் போனால் தெரு ஓயும்வரை வெளியே வரமாட்டார். கங்கா ஸ்நானத்தை அவர் அளவுக்குச் சிரத்தையாகச் செய்தவர் மாவட்டத்திலேயே கிடையாது.

"இன்னொரு விஷயம்," என்றார் உமாராணி. "இனிமே இந்த பிராஞ்சுக்கு ஒரு கன்மேன்தான். சுடுற ரேஞ்சு ரிப்போர்ட்டப் பாத்துட்டுத்தான் இந்த நாற்காலி யாருக்குன்னு சொல்லுவாங்க."

செந்தூர்வேல் நாற்காலியைப் பார்த்தார். ஏசிக்கு நேர் கீழே, மனைவி முருகேஸ்வரி தைத்துக் கொடுத்த பஞ்சணையோடு, அவர் முதுகின் அச்சு பதிந்து கிடந்தது. வீடு அடுத்த தெருவில். இந்த வயதில் இதைவிட நல்ல இடம் அவருக்குக் கிடைக்கப் போவதில்லை. அதை இழப்பதை நினைத்தபோது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

பிற்பகல் முறைக்கு வரும் டெரன்ஸோ முன்னாள் ராணுவம். எல்லையில் நின்று சுட்டுப் பதக்கம் வாங்கியவர். அவரோடு போட்டி!

"எங்க அப்பா அந்தத் துப்பாக்கிய வச்சுப் பன்னிய வெரட்டுனாரு. நீங்க அத வச்சுத் தூக்குச்சட்டியத் தொங்கவிடுதிய," என்றாள் முருகேஸ்வரி அன்று மாலை. திட்டினாலும் கணவனைக் கைவிடுகிற பெண் அல்ல அவள். பயிற்சியை உடனே தொடங்கினாள்.

காகிதப் பையை ஊதி அவர் முதுகுக்குப் பின்னால் உடைத்தாள். செந்தூர்வேல் குடித்துக்கொண்டிருந்த காபியை முருகன் காலண்டருக்கு அபிஷேகம் செய்தார். பிறகு தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள், பாம்பு புகுந்துவிட்டதென்று கம்போடு ஓடிவந்தார்கள். அவர்கள் தேடிய இடத்திலெல்லாம் பாம்பு இல்லை. கட்டிலுக்கு அடியில் செந்தூர்வேல் மட்டும் இருந்தார்.

"இது சரிப்படாது. பஞ்ச வச்சிக்கிடுங்க," என்றாள் முருகேஸ்வரி.

மருந்துக்கடைப் பஞ்சை உருட்டி இரண்டு காதிலும் அடைத்ததும் உலகமே மாறிப்போனது. அவள் அடுத்தடுத்து மூன்று பையை உடைத்தாள். செந்தூர்வேல் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இத்தனை காலம் தான் ஒரு வீரன் என்பது தனக்கே தெரியாமல் போனதை நினைத்து வருந்தினார். அந்த உற்சாகத்தில், சாப்பிடும்போது மனைவி கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார். அவள் தம்பி குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் தங்கப் போகிறான் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

பழகிக்கொள்ள வேண்டுமே என்று வியாழக்கிழமை பஞ்சோடு வேலைக்குப் போனார். "இன்னைக்கு லீவா அண்ணாச்சி?" என்று கேட்டுவந்த சிலருக்கு அன்போடு தலையாட்டித் திருப்பியனுப்பினார். வியாபாரம் அன்று மந்தமாக இருந்ததற்கு மேனேஜர் ஏதேதோ காரணம் சொல்லி மேலிடத்துக்கு எழுதினார்.

கிளையைப் பெருக்கித் துடைக்கிற செல்லத்தாய் மட்டும் அவரிடம் வெகுநேரம் பேசினாள். மேனேஜர் அறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவர் பக்கத்தில் வந்து, முகத்தைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு என்னென்னமோ சொன்னாள். நடுவில் துடைப்பக் கட்டையால் மேற்கூரையைக் காட்டினாள். அங்கே வெள்ளையடித்த கூரையில், ஒரு தட்டு அகலத்துக்குச் சிமெண்டு பூசிய ஒட்டு ஒன்று நெடுநாளாகவே இருந்தது.

ஒழுகுகிறது என்கிறாள் போலும் என்று செந்தூர்வேல் புரிந்துகொண்டார்.

"சரித்தா, சரித்தா! மழ வாரதுக்குள்ள பூசிருவாவ!"

பஞ்சு வைத்தவர் குரல் தெரு முனைவரை கேட்டது. செல்லத்தாய் பதறி, உதட்டில் விரலை வைத்தாள். பிறகு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை செந்தூர்வேல், ஒரு பெட்டி முந்திரி மக்ரூன் வாங்கிக்கொண்டு ரைபிள் கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தார். புதிய இடத்துக்கு வெறுங்கையோடு போவது அவர் வளர்ப்பில் இல்லை. மாப்பிள்ளையூரணியைத் தாண்டி, உப்பளங்களுக்கு நடுவில், மண்ணைக் குவித்த பெரிய மேடு ஒன்று. அதன் முன்னால் அட்டைகள். மேட்டின் மேல் கம்பத்தில் ஒரு சிவப்புக் கொடி.

வாசலில் டெரன்ஸ் நின்றிருந்தார். அவர் குனிந்து ரகசியமாக ஏதோ கேட்டார். காதில் பஞ்சோடு செந்தூர்வேல் தலையாட்டினார். டெரன்ஸ் முகம் மலர்ந்து, கையைப் பிடித்துக் குலுக்கி, முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். போட்டியில் நிற்கிற மனிதன் இவ்வளவு நல்லவனாகவா இருப்பான் என்று செந்தூர்வேலுக்கு மனது இளகியது.

கிளப் செயலாளர் சிவசுப்பிரமணியன், உப்பு வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு ஒழுங்கு வியாபாரத்துக்கு வந்தவர். அவர் யாரையும் சுட வேண்டியதில்லை, விதிமுறைகளை வாசித்தாலே ஆள் விழுந்துவிடுவான். அவரைக் கண்டதும் செந்தூர்வேல், மேலதிகாரி வந்தால் கிளையில் செய்கிற மாதிரி, துப்பாக்கியைக் குறுக்கே தூக்கிச் சுழற்றி ஒரு சல்யூட் வைத்தார்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். தனக்கு இத்தனை மரியாதையா என்று செந்தூர்வேல் நெகிழ்ந்துபோனார்.

செயலாளர் பாய்ந்துவந்து, குழலை மண்மேட்டுப் பக்கம் திருப்பி, அவர் இடது காதுப் பஞ்சைப் பிடுங்கினார்.

"என்னவே இது? விதிமுறையக் கேக்கதுக்குக் காது வேண்டாமா?"

"வச்சாத்தான் சார் எனக்குத் தைரியம்."

"கேளும். குழல் எப்பவும் மேட்டப் பாத்துத்தான் இருக்கணும். சொல்லுத வர விசையில வெரல் போகக்கூடாது. சுடுதவன்ட்டப் பேச்சுக் குடுக்கக்கூடாது. 'நிறுத்து'ன்னு நான் சொல்லி விசில் அடிச்சா, துப்பாக்கியக் கீழ வச்சிட்டுச் சிவப்புக் கோட்டுக்குப் பின்னால வந்துரணும். அப்புறம் துப்பாக்கியத் தொடவே கூடா..."

வரிசைக் கடைசியில் யாரோ சுட்டார்கள்.

செயலாளர் மீதி விதிகளை மேசைக்கு அடியில் குனிந்து சொல்ல வேண்டியதாயிற்று. செந்தூர்வேல் அங்கேதான் இருந்தார்.

வெளியே வந்ததும் அவர் செய்த முதல் காரியம், பையிலிருந்த மீதிப் பஞ்சு முழுவதையும் காதுக்குள் திணித்து, அதற்குமேல் கிளப்பில் கொடுத்த காதுமூடியையும் மாட்டிக்கொண்டதுதான். அதன்பின் அங்கே நிலவிய அமைதியைச் சொல்லி முடியாது. உப்பளத்தில் கொக்குகள் நின்றன. சுடுகிறவர்களின் தோள்கள் மட்டும் சத்தமில்லாமல் குலுங்கின. இதற்கா பயந்தோம் என்று செந்தூர்வேல் ஒரு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டார்.

தான் மட்டும் தின்பது நாகரிகம் இல்லையே. பக்கத்தில், மாநிலப் போட்டிக்குத் தயாராகிவந்த ரோச் என்பவர், மூச்சைப் பிடித்துக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். செந்தூர்வேல் அவர் தோளைத் தட்டிப் பெட்டியை நீட்டினார். ரோச்சின் குண்டு பக்கத்து அட்டைக்காரருக்கு நல்ல மார்க் வாங்கிக் கொடுத்தது.

செயலாளர் ஓடிவந்து அவர் எதிரே நின்று வாயைப் பெரிதாகத் திறந்தார். அவருக்கும் வேண்டும்போல என்று செந்தூர்வேல் ஒரு மக்ரூனை எடுத்து அந்த வாய்க்குள் வைத்தார்.

அடுத்து டெரன்ஸின் முறை. ராணுவ மிடுக்கோடு நின்று, ஐந்து ரவுண்டும் சுட்டார். ஐந்தும் அட்டையைத் தொடாமல் மண்மேட்டுக்குள் போய்ப் புதைந்தன. அவரோ வருத்தப்படுவதாகத் தெரியவில்லை. திரும்பி, செந்தூர்வேலைப் பார்த்துக் கண்ணடித்தார். பாவம், தோல்வியை மறைக்கத் தெரிந்த மனிதர். ஒரே ஒரு குண்டு அட்டையில் பட்டால் நாற்காலி தனக்குத்தான் என்று செந்தூர்வேலின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த ஒரு சத்தம்தான் அவருக்கு அப்போது கேட்டது.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் விசில் அடித்தார். எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். செயலாளர் அட்டைகளைப் பார்க்க மேட்டை நோக்கி நடந்தார். எல்லோரும் தனக்கு வழிவிடுகிறார்கள் என்று எண்ணிய செந்தூர்வேல், அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார்.

செயலாளர் திரும்பிப் பார்த்தார். அடுத்த நொடி அவர் வெள்ளைச் சட்டையோடு உப்பு மண்ணில் குப்புறக் கிடந்தார். டெரன்ஸும் ரோச்சும் பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கினார்கள்.

"சார் ஏன் படுத்திருக்காவ? மயக்கமா?" என்று செந்தூர்வேல் கத்திக் கேட்டார்.

அவர் சுடும் முறை வந்தபோது, வரிசையில் யாரும் இல்லை. எல்லோரும் கிளப் கட்டடத்துச் சுவருக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டினார்கள். செந்தூர்வேல் செந்திலாண்டவரை வேண்டிக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டார். முதல் வெடிக்கு உப்பளத்துக் கொக்கெல்லாம் ஊரைவிட்டுப் போயின. அடுத்தது கொடிக்கயிற்றை அறுத்தது. சிவப்புக் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கி நின்றது. மீதியை அவர் தரையில் உட்கார்ந்தபடி சுட்டார். உட்கார வைத்தது துப்பாக்கிதான். அட்டை பிறந்த மேனிக்கு அப்படியே இருந்தது.

செந்தூர்வேல் பஞ்சை எடுத்துவிட்டுச் செயலாளர் முன்னால் தலைகுனிந்து நின்றார். நாற்காலி, பஞ்சணை, ஏசி எல்லாம் போயிற்று.

"தேறலேன்னா என்ன சார் செய்வாவ?"

"தேறுத வரைக்கும் வாராவாரம் இங்கன வந்து பயிற்சி எடுக்கணும்," என்று செயலாளர் விதியை ஒப்பித்தார். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

"அதுக்கென்ன சார், வந்துருதேன்! மக்ரூனும் வாங்கிட்டு வாரேன்."

செயலாளர் அரைக்கம்பத்தில் நின்ற கொடியைப் பார்த்தார். தன் சட்டையில் அப்பியிருந்த உப்பு மண்ணைப் பார்த்தார். வாழ்க்கையில் ஒரு விதியையும் மீறாத மனிதர் பேனாவை எடுத்து, 'மிகச் சிறப்பு. இனி எந்தப் பயிற்சியும் தேவையில்லை' என்று எழுதி, அடியில் இரண்டு முறை கோடும் போட்டார்.

திங்கட்கிழமை செந்தூர்வேல் மீசையை முறுக்கிக்கொண்டு கிளைக்கு வந்தார். காதில் பஞ்சு இல்லை. உமாராணி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வியந்து போயிருந்தார்.

"அண்ணாச்சி, நம்ம பிராஞ்சுலருந்து இப்படி ஒரு ரிப்போர்ட் போனதே இல்ல. ஹெட் ஆபீஸ்லயே அசந்துட்டாங்க. நாளையிலருந்து உங்களக் கேஷ் வேனுக்குப் போட்டாச்சு."

"வேனுக்கா?"

"பணம் கொண்டுபோற வேன். கோவில்பட்டி, திருச்செந்தூர், சாத்தான்குளம்னு காலைலருந்து ராத்திரி வர சுத்தணும். ஏசி கெடையாது. வேன் ஆளுங்களுக்கு மாசாமாசம் ரேஞ்சுல சுடுற பயிற்சி உண்டு. செயலாளருக்கே போன் போட்டு, நீங்கதான் வருவீங்கன்னு சொன்னேன். என்னமோ தெரியல, மனுஷன் டக்குனு போன வச்சிட்டாரு."

"அப்போ மேடம்... நாற்காலி?"

"அது டெரன்ஸுக்கு."

செந்தூர்வேல் வெளியே வந்து பார்த்தார். ஏசிக்கு நேர் கீழே டெரன்ஸ் பஞ்சணையைத் தட்டிச் சரிசெய்து உட்கார்ந்துகொண்டிருந்தார். அவருடைய துப்பாக்கி நுனியில் ஒரு தூக்குச்சட்டிப் பை தொங்கியது.

செந்தூர்வேலால் தாங்க முடியவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த செல்லத்தாயிடம் போய்ப் புலம்பினார். "ஏளா, அஞ்சும் மண்ணுல சுட்டவருக்கு நாற்காலி, எனக்கு வேனா? இது எந்த ஊரு நியாயம்?"

செல்லத்தாய் நிமிர்ந்து, துடைப்பக் கட்டையால் மேற்கூரை ஒட்டை மறுபடியும் காட்டினாள்.

"முந்தி இருந்த கன்மேன், ஹெல்மெட்டோட உள்ள வந்த ஏரியா மேனேஜரத் திருடன்னு நெனச்சுச் சுட்ட ஓட்டையல்லவா அது, அதுலருந்து சுடத் தெரியாத ஆளுக்குத்தான் இந்த நாற்காலின்னு அன்னைக்கே ஒங்க ரெண்டு பேர்ட்டயும் வந்து சொன்னேன், டெரன்ஸ் அண்ணன் கேட்டுக்கிட்டு, நாற்காலிய விட்டுத்தாரியளான்னு கிளப்பு வாசல்லயே ஒங்கட்டச் சம்மதமும் வாங்கிட்டாரு, நீங்கதான் அண்ணாச்சி, மழ வாரதுக்குள்ள பூசிருவாவன்னு சொன்னிய!"