குடை விளம்பரத்திலிருந்து மழை நீக்கப்பட்ட விதம்

தனி மனிதனால் செய்யவே முடியாத அரிய காரியங்களுக்காகத்தான் மனித குலம் கூட்டுமுயற்சியைக் கண்டுபிடித்தது. குடை விளம்பரம் ஒன்றிலிருந்து மழையை அகற்றுவது அப்படிப்பட்ட காரியம். லோயர் பரேலில் உள்ள ஒரு விளம்பர நிறுவனமும் மஸ்ஜித் பந்தரில் உள்ள ஒரு குடைக் கம்பெனியும் மே மாதம் முழுக்கத் தோளோடு தோள் நின்று அதைச் சாதித்தன.

சாதித்தது ஏன் என்பதுதான் பெரின் காத்ராக்குக்கு விளங்கவில்லை. அந்த நிறுவனத்தில் விளம்பரம் எழுதியே தலை நரைத்தவள் அவள். மேஜைமேல் ஏழாவது பதிப்பு கிடந்தது. அதில் பளீரென்று வெயில். ஒரு வானவில். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய் எல்லோரும் ஒரே குடையின்கீழ் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்காகக் குடை பிடித்தார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

வியாழக்கிழமை ஒப்புதல் வராவிட்டால் மணியார் குடைக் கம்பெனி வேறு நிறுவனத்துக்குப் போய்விடும் என்று மேலாளர் சுதன்வா ரேகே சொல்லியிருந்தார். போனால் பெரினின் பிரிவு 'சீரமைக்கப்படும்'. அவளும் ஓவியர் மங்கேஷும் வீட்டுக்குப் போவதற்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் அது.

முதல் பதிப்பில் இத்தனை பேர் இல்லை. ரயில் நிலைய நடைமேடை. கொட்டித் தீர்த்த மழையில் தரையெல்லாம் ஈரம். நடுவே ஒரு வட்டம் மட்டும் காய்ந்து கிடக்கிறது. கீழே கம்பெனியின் பெயர். அவ்வளவுதான்.

இவ்விடத்தில் கூட்டுமுயற்சி என்னும் இயந்திரத்தின் மூடியைக் கொஞ்சம் திறந்து பார்ப்பது நல்லது. உள்ளே எல்லாம் வெகு ஒழுங்காகச் சுழல்கிறது. கூட்டத்துக்கு அழைக்கப்பட்ட ஒவ்வொருவரும் தாம் ஏன் அழைக்கப்பட்டோம் என்பதை நிரூபிக்கக் கடமைப்பட்டவர். 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லி அதை நிரூபிக்க முடியாது. அதை வாசல் காவலாளிகூடச் சொல்லிவிடுவார். ஆகவே ஆளுக்கொரு குறை தேவை. குறை தேடுகிறவர் கண்ணில் படம் விழுவதில்லை, விரல் வைக்க ஓர் இடம்தான் விழும்.

முதலாளியின் மைத்துனர் ஜயந்திபாய், குடை எங்கே என்று கேட்டார். குடை வந்தது. குடை அந்தரத்தில் நிற்காது என்பதால் அதைப் பிடிக்க ஒரு கை வந்தது. கைக்குப் பின்னால் ஆள் வந்தார். ஒற்றை ஆள் அநாதைபோல் தெரிகிறார் என்று முதலாளியின் மகன் கேயூர் வருந்தினான். குடும்பம் வந்தது. இத்தனை பேர் நின்றால் பாதிப்பேர் நனைவார்களே, நம் குடை சிறியது என்றல்லவா ஊர் பேசும் என்று முதலாளி ஹர்ஷத்பாய் மணியார் பதறினார். மழையை நிறுத்தினார்கள். ஒவ்வொரு படியும் நியாயமானது. கிறுக்கர் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. அதுதான் பெரினை அச்சுறுத்தியது.

திங்கட்கிழமைக் கூட்டத்தின் முடிவில் ஹர்ஷத்பாய் கைப்பேசியை எடுத்து, போட்டிக் கம்பெனியான கருடாவின் புது விளம்பரத்தைக் காட்டினார். வெள்ளைச் சுவர், ஓர் ஆணி, அதில் தொங்கும் ஒரு கறுப்புக் குடை. மூவரும் அதைக் கும்பிடாத குறைதான்.

"அதுல ஆளே இல்லையே, ஹர்ஷத்பாய்," என்றாள் பெரின்.

"அதுதானே பெரின்பென் அழகு? உங்களுக்குத்தான் அது பிடிபட மாட்டேங்குது."

அலுவலகம் திரும்பியதும் அவள் மங்கேஷிடம் முதல் படத்தை எடுக்கச் சொன்னாள். மணியார் பெயரை அழித்துவிட்டு, மூலையில் கருடாவின் பறவைச் சின்னத்தைப் போடச் சொன்னாள்.

"வேலை போறதுக்கு இதவிட மரியாதையான வழியெல்லாம் இருக்கு, பெரின்," என்றபடி மங்கேஷ் பறவையைப் பொருத்தினார்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்குத் தேநீரும், அப்பளம்போல் மொறுமொறுக்கும் காக்ராவும் வந்தன. ஏழாவது பதிப்பை விரித்தார்கள். நாயின் முகத்தில் நம்பிக்கை போதாது என்று ஜயந்திபாய் கருத்துரைத்தார். சுதன்வா அதைப் பணிவோடு குறித்துக்கொண்டார். அப்போது பெரினின் கோப்பிலிருந்து ஒரு தாள் நழுவி, கேயூரின் தட்டருகே விழுந்தது. அவசரமில்லாமல் விழுந்தது.

"இது கருடாவோடதா?" கேயூர் தாளைப் பிடித்துக்கொண்டான். "எப்ப வந்துச்சு?"

"இன்னும் வெளிய வரல," என்றாள் பெரின். அது உண்மை.

தாள் கைமாறியது. ஹர்ஷத்பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெகுநேரம் பார்த்தார்.

"எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே."

சுதன்வாவின் பேனா நின்றது. பெரின் காக்ராவைக் கடித்தாள்; அறை முழுக்க அந்தச் சத்தம்தான் கேட்டது.

"நல்ல விளம்பரம்னா அப்படித்தான் பப்பா தோணும்," என்றான் கேயூர்.

அதன்பின் பெரினுக்குக் கிடைத்த வசவு அவள் அனுபவத்திலேயே சிறந்தது. ஒரு குடையைக்கூடக் காட்டாமல் குடையைச் சொல்லிவிட்டானே, அதல்லவா மூளை என்றார் ஜயந்திபாய். இப்படியொன்று உங்களுக்கு ஏன் தோன்றவில்லை, நாங்கள் என்ன தடுத்தோமா என்று கேயூர் கேட்டான். பெரின் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹர்ஷத்பாய் கதவைச் சாத்தச் சொன்னார்.

"அவங்க இன்னும் வெளிய விடலல்ல? நாம முந்திக்குவோம். இதே வட்டம், இதே ஈரம். பறவைய எடுத்துட்டு நம்ம பேர வைங்க."

"ஏதாவது மாத்தணுமா?" என்று கேட்டார் சுதன்வா, பழக்கதோஷத்தில்.

"ஒரு புள்ளிகூட மாத்தக் கூடாது. மாத்தினா அது நல்லா இருக்காது."

ஜூனில் மழை பிடித்தபோது தாதர் ரயில் நிலையத்துக்கு எதிரே அந்தக் காய்ந்த வட்டம் பெரிதாக நின்றது. குடைகள் நன்றாக விற்றன. வியாபாரச் சங்க விருந்தில் கேயூர் 'கூட்டுமுயற்சியின் வெற்றி' என்ற தலைப்பில் பேசினான். விளம்பர நிறுவனத்தாரையும் மறக்காமல் கைதட்ட எழுப்பிவிட்டான். பெரினின் பிரிவு சீரமைப்பிலிருந்து தப்பியது.

அன்றிலிருந்து லோயர் பரேலில் வேலை சீராக நடக்கிறது. படத்தை முதல் வாரமே முடித்துவிடுகிறார்கள். வாடிக்கையாளரின் போட்டியாளர் எவரோ அவர் சின்னத்தை மூலையில் பொருத்தி, கோப்பிலிருந்து நழுவ விடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய யோசனையைத் திருத்தாமல் எந்த முதலாளியும் விட மாட்டார். திருடிய யோசனையில் எவரும் கைவைக்க மாட்டார். ஆகவே முதலாளிகளுக்கு யோசனையைக் கொடுக்கக் கூடாது. திருட விட வேண்டும்.