குவாண்டம் அக்காவும் ஒரு வலை சொறிமுட்டையும்

பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ப் பாவத்தைச் சொல்லாமலே திரும்பி வந்த ஒரே மனுஷி, உலகத்திலேயே எங்கள் குவாண்டம் அக்காதான்.

"பாவம் என்னோடயே இருக்கட்டும் ஃபாதர், அதில படிச்சதை மட்டும் சொல்லுறன் எண்டனான்" என்று அவரே பெருமையாகச் சொல்வார்.

மன்னார்ப் பேசாலையில் நான் எழுதுவினைஞராக இருந்த மீனவர் சங்கத்துக்குக் கணினி வேலைக்கு வந்தவர் அவர். மீன் எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் மெஷின் ஒன்றைச் செய்ய வேண்டும். அதற்கு எந்தப் படகு எங்கே வலை போட்டது என்று தெரிய வேண்டும். எங்கள் ஆட்களோ அந்த இடத்தைப் பெண்சாதிக்கே சொல்லாதவர்கள்.

"எனக்கும் சொல்ல வேண்டாம்" என்றார் அக்கா. பிடித்த மீனையும் இடத்தையும் அவரவர் போனில் பதிந்தால் போதும். போன் படகிலேயே இருந்து படிக்கும். இடம் போனை விட்டு வெளியே வராது; படித்த பாடம் மட்டும் சங்கத்துக்கு வரும். எல்லாப் பாடங்களையும் ஒன்றாக்கும் கணக்கை வெளிநாட்டுக் குவாண்டம் கணினி ஒன்றுக்கு மறைத்து அனுப்புவார். என்ன கணக்குப் போடுகிறோம் என்று அந்தக் கணினிக்கே தெரியாதாம்.

"எங்கட தலைவரைப் போல" என்றார் படகுச் சொந்தக்காரர் அந்தோனி அண்ணன்.

மெஷின் முதல்முதலாகக் காட்டிய இடத்துக்கு ஆறு படகுகள் போயின. மீன் இல்லை. வலை நிறைய, தொட்டாலே சொறியவைக்கும் வழுவழுத்த சொறிமுட்டை. அந்தோனி அண்ணன் முழங்கை வரை தடித்து, சொறிந்துகொண்டே கரைக்கு வந்தார்.

அந்தக் கிழமையே கொழும்புக் கம்பனிக்காரர் ஒருவர் சங்கக் கந்தோரில் கதிரை போட்டு உட்கார்ந்தார். "எல்லாப் படகின்ர இடத்தையும் எங்களுக்குத் தாங்கோ. புது எஞ்சின் சும்மா தாறம்." தலைவர் அவருக்குச் சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போடப் பேனையையும் எடுத்துவிட்டார்.

அக்கா எழுந்தார். "மெஷின் பிழை விட்டது உண்மை. ஆரோ போனுக்கே பொய் சொல்லியிருக்கிறியள். ஆர் எண்டு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். மெஷினை நான் திருத்துவன். ஆனா ஒருக்காக் குடுத்த இடத்தைத் திருப்பி வாங்க ஏலாது. நாளைக்கு அங்க ஆரின்ர றோலர் இழுவைப்படகு வந்து நிக்கும், இவரிட்டையே கேளுங்கோ!"

கம்பனிக்காரர் சோடாவைப் பார்த்தார். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். பொய் சொன்னது ஒருவரல்ல.

"அப்ப அக்கான்ர பக்கம் ஆர்?" என்றார் தலைவர்.

முதலில் உயர்ந்தது அந்தோனி அண்ணனின் தடித்த கை. "சொறி எண்டாலும் எங்கட சொறி. நீங்கள் வெளிக்கிடுங்கோ ஐயா!" பிறகு கந்தோர் முழுக்கக் கைகள். கடைசியாகத் தலைவரும், பேனை பிடித்த கையையே தூக்கினார்.

அன்றிலிருந்து போன்களுக்கு உண்மை கிடைத்தது; கொஞ்சக் காலத்தில் படகுகளுக்கு வலை கிழியக் கும்பிளா மீன் கிடைத்தது.

போன வருஷம் அக்கா மேற்படிப்புக்கு வெளிநாடு போனார். எந்த பஸ்ஸில் போகிறார் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. அதனால் நாங்கள் எல்லாரும் விடியற்காலை முதல் பஸ்ஸிலிருந்தே றோட்டில் காத்து நின்றோம்.